சின்னச் செயல்களில் விளங்கும் விசுவாசம்

கிறிஸ்தவ விசுவாசம் எங்கே வெளிப்படுகின்றது என்று கேட்டால், நம்மிற் பலர் ஆலயத்தையே சுட்டிக்காட்டுவோம். ஞாயிறு வழிபாடு, செபமாலை, தவக்காலப் பாதயாத்திரை, திருவிழாக் கொடியேற்றம் ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை, தேவையானவையும்கூட. ஆனால் நமது கிராமத்தில் வாழும் சைவ அயலவருக்கோ முஸ்லிம் வியாபாரிக்கோ ஆலயத்தினுள் நடப்பது தெரியாது. அவர்கள் நம்மைக் காண்பது வாய்க்கால் கட்டிலும் கிணற்றடியிலும் கடையிலும் பஸ் தரிப்பிடத்திலுமே. அங்கே நாம் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டே நமது விசுவாசத்தை அவர்கள் எடை போடுகின்றனர்.

இங்கே நாம் பேச எடுத்துக்கொள்வது பெரிய தியாகங்களையன்று. ஊருக்கு மண்டபம் கட்டிக் கொடுப்பதற்கும் அநாதை இல்லம் நடத்துவதற்கும் எல்லோருக்கும் வசதி இல்லை. கரிசனையோடு நடப்பதற்கு அத்தகைய வசதி வேண்டியதில்லை. கரிசனை என்பது யாது? மற்றவர் வாய்திறந்து கேட்குமுன்னரே அவருடைய நிலையை எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப நமது செயலைச் சற்று மாற்றிக்கொள்வதே கரிசனை. பாதையில் விழுந்தவரைத் தூக்கிவிடுவது இரக்கம். அவர் விழுமுன்னரே பாதையில் கிடக்கும் கல்லை எடுத்து ஓரமாகப் போடுவது கரிசனை. இரக்கம் பெற்றவர் நன்றி சொல்வார். கரிசனையாற் காப்பாற்றப்பட்டவருக்கோ தாம் காப்பாற்றப்பட்டதுகூடப் பெரும்பாலும் தெரியாது. நன்றியை எதிர்பாராத செயல் என்பதாலேயே அது விசுவாசத்துக்கு நல்ல உரைகல்லாக அமைகின்றது.

மோசேயின் சட்டத்திலே

பழைய ஏற்பாட்டின் சட்ட நூல்கள் பலிகளையும் தண்டனைகளையும் பற்றியவை என்று எண்ணி, அவற்றைப் புரட்டாமலே விட்டுவிடுவோர் பலர். உண்மையில் விவசாய மக்களின் அன்றாட வாழ்வைப் பற்றிய நுணுக்கமான கரிசனை அவற்றில் நிறைந்துள்ளது. சில உதாரணங்களைப் பார்ப்போம்.

- புதுவீடு கட்டுபவர் அதன் மேற்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரும் அங்கிருந்து தவறி விழுந்து உயிரிழக்கக் கூடாது (உபாகமம் 22:8).
- நாட்கூலிக்காரரின் கூலியை மறுநாள் வரை பிடித்து வைத்திருக்கக் கூடாது (லேவியர் 19:13).
- வயலை அறுக்கும்போது ஓரம்வரை ஒட்ட அறுக்கக் கூடாது. சிந்திய கதிரையும் பொறுக்கக் கூடாது. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை (லேவியர் 19:9-10).
- கடன் கொடுத்தவர் ஈடு வாங்குவதற்காகக் கடன்பட்டவரின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும் (உபாகமம் 24:10-11).
- பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் பாராதவர்போற் போகாமல் தூக்கிவிட வேண்டும் (யாத்திராகமம் 23:5).

இவற்றில் ஒன்றேனும் ஆலயத்தினுள் நடப்பதன்று. ஆயினும் எல்லாமே இறைவனின் கட்டளைகளாகத் தரப்பட்டுள்ளன. அயலவரை நேசிக்க வேண்டும் என்னும் கட்டளையை நாம் அனைவரும் அறிவோம். அது பழைய ஏற்பாட்டில் எங்கே உள்ளது? கூலியையும் சிந்திய கதிரையும் பற்றிப் பேசும் அதே லேவியர் 19ஆம் அதிகாரத்தில்தான் உள்ளது. நேசம் என்பது என்ன என்பதைக் கூலியும் கதிரும் அங்கே விளக்கி நிற்கின்றன.

கைப்பிடிச் சுவரும் கிணற்றுக்கட்டும்

நமது கிராமங்களிற் பெரும்பாலான வீடுகளுக்கு மொட்டைமாடி இல்லை. ஆனால் கிணறு உண்டு. தோட்டக் கிணறுகள் பல நிலமட்டத்தோடு, கட்டு இல்லாமல் திறந்து கிடக்கின்றன. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தோரின் காணிகளிற் பற்றை மூடிய கிணறுகளும் இருந்தன. 'என் காணி, என் கிணறு' என்று உரிமையாளர் சொல்லலாம். மோசேயின் சட்டமோ, 'உன் வீடுதான். ஆனால் அங்கே வந்து விழக்கூடியவனின் உயிருக்கும் நீ பொறுப்பு' என்னும் கருத்தைக் கற்பிக்கின்றது. பந்தைத் துரத்தி ஓடிவரும் பிள்ளைக்கு எல்லைக்கல் தெரியாது. நான்கு வரிசைக் கல் வைத்துக் கட்டு எழுப்ப இயலாதவர்கூடக் கம்பு நட்டு முட்கம்பியாவது கட்டலாம்.

கைப்பிடிச் சுவர் வேண்டிய இடம் இன்னுமொன்று உண்டு. அது கிருமிநாசினிப் போத்தல் வைக்கும் இடம். இலங்கையிலே 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் 1 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தில் இருந்தது. அன்று உலகில் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்றாகும். அவ்வாறு இறந்தோரிற் பெருந்தொகையினர் கிராமத்து மக்கள். கைக்கெட்டிய விவசாய நஞ்சை அருந்தியவர்கள். கொடிய நஞ்சுகள் 1995இலும் அதன் பின்னரும் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 20 ஆண்டுகளில் தற்கொலை வீதம் மூன்றில் ஒன்று அளவுக்கு இறங்கியது. மனிதரின் கோபமும் துயரமும் அதே அளவுக்குக் குறைந்துவிட்டன என்று எவரும் சொல்லமாட்டார். கோபம் தலைக்கேறிய அந்தச் சில நிமிடங்களில் உயிர்கொல்லும் நஞ்சு கைக்கு எட்டாமற் போனதே இந்த மாற்றத்துக்கு முக்கிய காரணம். சட்டம் நாட்டளவிற் செய்ததை ஒவ்வொரு வீட்டிலும் நாம் தொடரலாம். போத்தலைத் தாழ்வாரத்தில் தொங்கவிடாமல் பெட்டியில் இட்டுப் பூட்டி, திறப்பை ஒருவர் பொறுப்பில் வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அது ஓர் உயிரின் விலையுள்ள நிமிடமாகலாம்.

மருந்தடித்த தாங்கியை வாய்க்காலிற் கழுவாதிருப்பதும் இத்தகையதே. மேலே கழுவியவர் வீட்டுக்குப் போய்விடுவார். கீழே அதே நீரில் ஒரு தாய் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.

பொழுது சாயுமுன் கூலி

கூலியை அன்றன்றே கொடுக்க வேண்டும் என்பதற்கு உபாகமம் 24:15 ஒரு காரணம் காட்டுகின்றது. அவர் ஏழை, அந்தக் கூலியையே நம்பியிருக்கிறார் என்பதே அது. களை பிடுங்க வந்த பெண்ணுக்கு 'நாளைக்கு வந்து வாங்கிக்கொள்' என்று சொல்வது நமக்குச் சிறிய விடயம். சில்லறை இல்லை, கடை பூட்டிவிட்டது, மகன் வரவேண்டும் என்று நமக்கு ஆயிரம் நியாயங்கள் இருக்கும். ஆனால் அவள் வீட்டு அடுப்பு அன்றிரவு எரிய வேண்டியது அந்தக் காசிலேதான். அவள் கடையிற் கடன் சொல்லி அரிசி வாங்க வேண்டும். மறுநாள் வேலையை விட்டு நமது வாசலில் வந்து நிற்க வேண்டும். கொடுத்த உழைப்புக்கு உரியதைப் பிச்சை கேட்பவள்போற் கேட்க வேண்டும். நாம் செய்த தாமதம் ஒரு நாள். அவள் பட்டதோ மூன்று துன்பங்கள்.

திராட்சைத் தோட்ட வேலையாட்கள் பற்றி இயேசு சொன்ன உவமையை (மத்தேயு 20) இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. தோட்டக்காரர் மாலையானதும் கூலியைக் கொடுத்துவிடச் சொல்கிறார். கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் முழுநாட்கூலி கிடைக்கின்றது. அவருடைய வீட்டிலும் அன்று சமைக்க வேண்டுமே! வேலை கிடைக்காமற் சந்தை வெளியில் நின்ற நேரத்துக்குப் பசி கணக்குக் கழிப்பதில்லை.

சிந்திய கதிர் பற்றிய கட்டளைக்கு உயிருள்ள உதாரணம் ரூத்தின் வரலாறாகும். ரூத் மோவாப் நாட்டவள்; விதவை; மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்தவள். அவள் பின்னால் வந்து பொறுக்குவதற்காக, கட்டுகளிலிருந்து கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடும்படி போவாஸ் தம் ஆட்களுக்குச் சொல்லி வைத்தார். அவளை அதட்டக் கூடாது என்றும் கட்டளையிட்டார் (ரூத் 2:16). தானியத்தை ஒரு மூட்டையாகக் கட்டித் தூக்கிக் கொடுத்திருக்கலாமே! கொடுத்திருந்தால் அது தருமம். உருவிப் போட்டதால் அவள் தன் உழைப்பாற் பெற்றவளாக, தலை நிமிர்ந்து வீடு சென்றாள். பெறுபவரின் மானத்தையும் சேர்த்து எண்ணுவதே கரிசனையின் அடையாளம்.

இன்று வெட்டும் இயந்திரம் வந்தபின் கதிர் பொறுக்குவோர் அருகிவிட்டனர். ஆயினும் வைக்கோலைக் கொளுத்துமுன் மாடு வைத்திருக்கும் அயலவருக்குச் சொல்லியனுப்பலாம். விழுந்த தென்னோலையையும் பனைமட்டையையும் விறகில்லாத வீட்டார் வந்து எடுத்துச் செல்ல இடம் கொடுக்கலாம்.

கடன்காரர் வாசலில் நிற்கையில்

ஈடு வாங்கச் சென்றவர் வெளியே நிற்க வேண்டும் என்ற கட்டளை, நமது காலத்துக்கென்றே எழுதப்பட்டதுபோல் உள்ளது. கடன் பட்டவருக்கும் ஒரு வீடு உண்டு. அவர் வீட்டில் அவரே எசமான். அவர் மனைவி பிள்ளைகள் முன்னால் அவர் சிறுமைப்படக் கூடாது என்பதே அதன் உட்பொருள். மாவரைக்கும் கல்லை ஈடாக எடுக்கக் கூடாது என்றும் (உபாகமம் 24:6), விதவையின் உடையை ஈடாக எடுக்கக் கூடாது என்றும் (உபாகமம் 24:17) அதே அதிகாரம் கூறுகின்றது. இன்றைய மாவரைக்கும் கல் எது? தையல் இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம், மீனவரின் வலை, பிள்ளையின் பாடசாலைச் சைக்கிள் என்பனவே.

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்கள் பலர் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பெற்றுச் சிக்கினர். வாராவாரம் வசூலிக்க வருபவர் முற்றத்தில் இருந்துகொண்டு எழும்ப மறுத்ததையும், அயலவர் கேட்கப் பேசியதையும் அவர்கள் வெளிப்படையாகவே முறையிட்டனர். 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

வட்டி வீதத்தைத் தீர்மானிப்பது நமது கையில் இல்லாதிருக்கலாம். ஆனால் நமது மாதர் சங்கத்திலும் சீட்டிலும் கடனுதவுச் சங்கத்திலும் நாமே கடன் கொடுப்பவர்கள். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் தவணை தவறியவரின் பெயரை வாசிப்பது எளிது. தனியே சந்தித்து, 'என்ன கஷ்டம்?' என்று கேட்பதற்குச் சற்று நேரம் எடுக்கும். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேச வேண்டும் என்று இயேசு கற்பித்தார் (மத்தேயு 18:15). குற்றவாளிக்கே இந்த மரியாதை என்றால், கஷ்டப்பட்டவருக்கு எவ்வளவு மரியாதை செய்ய வேண்டும்!

எந்தக் குவளையில்?

சிறியவர்களுள் ஒருவருக்குக் கொடுக்கும் ஒரு குவளை குளிர்ந்த நீருக்கும் கைம்மாறு உண்டு என்று இயேசு கூறினார் (மத்தேயு 10:42). நமது மண்ணில் 'நீர் கொடுத்தோமா?' என்பதோடு கேள்வி முடிவதில்லை. 'எந்தக் குவளையிற் கொடுத்தோம்?' என்பதே கேள்வியாக இருந்தது. சாதியின் பெயராற் சிலருக்குக் கிணறுகள் மறுக்கப்பட்டன. சிரட்டையிலும் வேறு பாத்திரத்திலும் தண்ணீர் வார்க்கப்பட்டது. இத்தகைய தடைகளைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியது. ஆயினும் 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழைவதற்கு மக்கள் போராட வேண்டியிருந்தது. கிறிஸ்தவ ஆலயங்களும் இத்தீமைக்கு முற்றாக விலகி நின்றன என்று நாம் சொல்ல முடியாது.

யாக்கோபின் கிணற்றடியில் இயேசு செய்தது யாது? யூதர் புழங்காத சமாரியப் பெண்ணிடம் தமக்குக் குடிக்கத் தண்ணீர் தரும்படி கேட்டார் (யோவான் 4). அவரிடம் மொள்ளுவதற்குப் பாத்திரம் இருக்கவில்லை. ஆகவே அவளுடைய பாத்திரத்திலேயே குடிக்க ஆயத்தமாயிருந்தார் என்பது தெளிவு. கொடுப்பது மட்டும் கரிசனையன்று, பெற்றுக்கொள்வதும் கரிசனையே. உழைக்க வந்தவருக்கு நல்ல கோப்பையில் தேநீர் கொடுப்பவர், அவர் வீட்டு நன்மை தீமைக்குப் போகும்போது அங்கே பாய் விரித்து அமர்ந்து, தரும் தேநீரைக் குடிக்கின்றாரா? 'வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்' என்கின்றாரா? அந்தச் சிறிய இடத்தில்தான் நமது விசுவாசம் நிறுக்கப்படுகின்றது.

இயேசு கவனித்த சிறிய விடயங்கள்

நற்செய்தி நூல்களில் அற்புதங்களையே நாம் பெரிதாகப் பார்க்கிறோம். அவற்றோடு ஒட்டியிருக்கும் சிறிய செயல்களைக் கவனிப்பதில்லை. யாயீரின் பன்னிரண்டு வயது மகளை எழுப்பியபோது எல்லோரும் வியந்து நின்றனர். பிள்ளைக்குப் பசிக்கும் என்று நினைத்தவர் இயேசு ஒருவரே. உண்ணக் கொடுக்கும்படி அவர்தாம் சொன்னார் (மாற்கு 5:43). காது கேளாத, பேச்சுத் தடைப்பட்ட ஒருவரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்று குணமாக்கினார் (மாற்கு 7:33). உயிர்த்த பின்னர் திபேரியாக் கடற்கரையிலே, இரவு முழுவதும் வலை வீசிக் களைத்த சீடருக்காகக் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார் (யோவான் 21:9). சாவை வென்றவர் காலைச் சாப்பாடு செய்து வைத்திருந்தார் என்பதை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வழியைத் தன் வாழ்வு முழுவதும் கைக்கொண்டவர் சிறுமலர் என்று நாம் அழைக்கும் புனித தெரேசாள் (1873-1897). பிரான்சு நாட்டின் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் வாழ்ந்து 24 வயதில் மரித்தவர். அங்கே நோயுற்ற முதிய சகோதரி ஒருவர் இருந்தார்; எவராலும் எளிதில் திருப்திப்படுத்த முடியாதவர். அவரை ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டறைக்கு மெல்ல நடத்திச் செல்லும் பணியைத் தெரேசாள் தாமாக ஏற்றுக்கொண்டார். வேகமாக நடந்தால் ஒரு குறை, மெதுவாக நடந்தால் இன்னொரு குறை. அதோடு பணி முடிந்துவிட்டது. ஆனால் அம்முதியவரின் கை பாணை வெட்டக் கஷ்டப்படுவதைத் தெரேசாள் கண்டார். அன்றிலிருந்து அதையும் வெட்டிக் கொடுத்த பின்னரே அகன்றார். முதியவர் அதைக் கேட்கவில்லை. கேளாமற் செய்யப்பட்டதாலேயே அவர் மனம் இளகியது. பாண் வெட்டிக் கொடுத்த இந்தச் சகோதரியைத் திருச்சபை 1997இல் மறைவல்லுநராக உயர்த்தியது.

நாம் கவனிக்க வேண்டியவை

முதலாவது, சிறு கரிசனை பெரிய அநீதிக்குத் திரையாகக் கூடாது. கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டுக் கிறிஸ்மசுக்குச் சேலை கொடுப்பது கரிசனையன்று. அறுவடை செய்தவர்களிடமிருந்து பிடித்து வைத்த கூலியே செல்வருக்கு எதிராகக் கூக்குரலிடுகின்றது என்று யாக்கோபு தமது திருமுகத்தில் எச்சரிக்கின்றார் (யாக்கோபு 5:4).

இரண்டாவது, கரிசனை தூண்டிலாகக் கூடாது. நமது கிராமங்களிற் பல சமயத்தவர் சேர்ந்து வாழ்கின்றனர். உதவி செய்துவிட்டு மதம் மாற எதிர்பார்த்தால், செய்த உதவியும் கெட்டு, அயலுறவும் கெடும். அவர்கள் அவர்களாகவே இருக்க இடம் விட்டு நேசிப்பதே கரிசனை. ஆலய விருந்துக்குச் சைவ அயலவரை அழைத்தால் அவர்களுக்கு மரக்கறிச் சாப்பாட்டை வேறு பாத்திரத்திற் சமைப்பதும், நோன்பு காலத்திற் கூட்டங்களின் நேரத்தை முஸ்லிம் அங்கத்தவருக்கு ஏற்ப அமைப்பதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, கரிசனை நமக்குப் பிடித்தவர்களோடு நின்றுவிடக் கூடாது. எல்லைத் தகராறினாற் பேச்சுவார்த்தை இல்லாத அயலவரின் மாடு நமது பயிரில் இறங்கிவிட்டது. அடித்துத் துரத்தலாம், பிடித்துக் கட்டி நட்டஈடு கேட்கலாம், அல்லது நிழலிற் கட்டித் தண்ணீர் வைத்து, ஒரு பிள்ளை மூலம் சொல்லியும் அனுப்பலாம். பகைவனின் கழுதை பற்றிய கட்டளை இந்த மாட்டைப் பற்றியதுமாகும்.

இன்றே தொடங்கக்கூடியவை

1. கூலிக்கு ஆள் அழைக்குமுன் கொடுக்க வேண்டிய பணத்தைச் சில்லறையாக ஆயத்தம் செய்து வைத்தல்.

2. கிணற்றுக்குக் கட்டு அல்லது வேலி அமைத்தல். கிருமிநாசினியைப் பூட்டி வைத்தல்.

3. இரவல் வாங்கிய மண்வெட்டியையும் தெளிகருவியையும் கழுவித் துடைத்து, கேட்குமுன் திருப்பிக் கொடுத்தல்.

4. க.பொ.த. பரீட்சைக் காலத்தில் ஆலய ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தல் அல்லது நிறுத்துதல்.

5. பிரதேச செயலகத்துக்கோ வைத்தியசாலைக்கோ செல்லும்போது, தனியே போக இயலாத அயலவருக்கு அங்கே ஏதேனும் அலுவல் உண்டா என்று கேட்டுச் செல்லுதல்.

6. நீர் முறையில் நமது பங்கு முடிந்ததும், அடுத்த வயற்காரர் வந்து நினைவூட்டுமுன் மடையை அடைத்து நீரைக் கீழே விடுதல்.

7. கால் இழந்தவரும் முதியவரும் கூட்டத்துக்கு வருவாராயின், கதிரையை வாசலுக்கு அருகே முன்கூட்டியே போட்டு வைத்தல்.

குழுக்களிற் கலந்துரையாடுவதற்கு

அன்பியக் கூட்டங்களிலும் மாதர், இளைஞர் குழுக்களிலும் பின்வரும் வினாக்களைப் பற்றிப் பேசலாம். முதலில் உபாகமம் 24ஆம் அதிகாரத்தின் 10 முதல் 22 வரையான வசனங்களை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் அமைதியாகச் செவிமடுப்பது நன்று.

அ. நமது கிராமத்திற் கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்கள் எவை? அவற்றால் முதலிற் பாதிக்கப்படுபவர் யார்?

ஆ. நமது சங்கத்திற் கடன் தவணை தவறியவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்?

இ. நாம் உதவி செய்யும் வீடுகளில், நாம் அமர்ந்து உண்ணாத வீடு உண்டா? ஏன்?

ஈ. அடுத்த கூட்டத்துக்கு முன்னர் ஒவ்வொருவரும், எவரும் கேளாமலே செய்யக்கூடிய ஒரு செயல் யாது?

கடைசி வினாவுக்குரிய விடையை அடுத்த கூட்டத்தில் அறிக்கையாக வாசிக்க வேண்டியதில்லை. செய்தவருக்கும் இறைவனுக்கும் தெரிந்தாற் போதும்.